எலியைக் காப்பாற்றினீர்களா?



1990-இல் இரண்டு கம்ப்யூட்டர் கதை விளையாட்டுகள் வந்தன. ‘கிங்ஸ் குவெஸ்ட் 5’-இல், பூனை துரத்தும் எலியைக் காப்பாத்தாம விட்டுட்டீங்களா? பிற்பாடு சத்திரத்து நிலவறையில் கட்டுண்டு கிடக்கும்போது கயிற்றைக் கடித்து அறுக்க யாரும் வரமாட்டார்கள். ஆட்டம் குளோஸ்! ஏன் தோற்றோம் என்பதே புரியாது.

ரான் கில்பர்ட்டின் ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’டில் அநேகமாகச் சாவே கிடையாது. வாள்சண்டையில்கூட ஏச்சுக்கு ஏற்ற பதிலடிதான் ஜெயிக்கும். பயமில்லாததால் ஆடுபவர் மூலைமுடுக்கெல்லாம் துழாவுகிறார், சிரிக்கிறார், கதையோடு ஒன்றிப்போகிறார்.

நாளைக்கு நீங்களும் ஒரு மெஷினோ, சாஃப்ட்வேரோ வடிவமைப்பீர்கள். புதிர் கஷ்டமாவே இருக்கட்டும். ஆனா, தப்புப் பண்ணினவன் திரும்பிவர ஒரு வழி வைங்க!