பாய்லர் ஓரத்துக் கதகதப்பு

லண்டன் வீட்டுக் கூரைகளில் இன்றும் புகைபோக்கிகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் பெரும்பாலான வீடுகளில் கீழே நிலக்கரி எரிவதில்லை. 1952 டிசம்பரில் நிலக்கரிப்புகை ஊரையே மூடி, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. கணப்பு போய்விட்டது, தடம் மிஞ்சிவிட்டது.

நம்ம ஊர் மல்லாங்கிணறு வெயிலுக்குக் கணப்பு எதற்கு என்பீர்கள். அங்கே நிலக்கரி என்றால், இங்கே மரக்கரியின் தடம் உண்டு. பழைய டீக்கடை பாய்லரைப் பாருங்கள். நடுவில் ஒரு குழாய், அதற்குள் கனல், சுற்றிலும் தண்ணீர். சாம்பல் அடியில் உதிரும். தேய்ப்பு வண்டியில் இருக்கும் பழைய பெட்டியும் கரியைத் தின்று வளர்ந்ததுதான்.

அந்தக் கரி வந்தது பக்கத்துக் காட்டுச் சீமைக்கருவேலத்திலிருந்து. விறகை அடுக்கி, இலைதழை போட்டு, மண் பூசி மூட்டம் போடுவார்கள். காற்று அதிகம் புகுந்தால் சாம்பல். அளவாகப் புகுந்தால் கரி. முதலில் வெள்ளையாக வரும் புகை, மெலிந்து நீலமானால் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பட்டாசு ஊரான சிவகாசிக்கும் கரிக்கும்கூட உறவு உண்டு. பழைய கருமருந்தின் கணக்கு, நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம்.

மார்கழி விடியலில் டீக்கடையில் கேஸ் அடுப்பு டீயைக் குடித்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "டீ நல்லாத்தான் இருக்கு தம்பி. கை காய வைக்கத்தான் பாய்லரைக் காணோம்!"