நகரமைப்புத் திட்டமும் நமது தெருக்களும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் விழாவில் நகரமைப்பைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். எந்த நிலத்தில் வீடு, எதில் கடை, எதில் தொழிற்சாலை என்று வகுப்பதே நகரமைப்பு. பிள்ளை பள்ளிக்கு நடந்து போக முடியுமா, தாய் வேலைக்குப் போய் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு திரும்ப முடியுமா என்பதை அதுவே முடிவு செய்கிறது. ஆகவே இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சே.

நிலத்தை வகுத்து மனிதரைப் பிரிப்பது நமக்குப் புதிதன்று. வரைபடம் தோன்றுவதற்கு முன்பே ஊர் வேறு, சேரி வேறு என்று கோடு கிழித்த நாடு இது. 1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அரசுக்கு அளித்த அறிக்கை, நம் முன்னோருக்குக் குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லாத நிலையை எடுத்துரைத்தது. அதே மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லாருக்கும் உரியவை என்று 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். தெருவில் நடப்பதற்கே நாம் போராட வேண்டியிருந்தது என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது.

அயல்நாட்டிலும் இதுவே கதை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 1910இல் வெள்ளையருக்கு ஒரு தெரு, கறுப்பருக்கு ஒரு தெரு என்று சட்டமியற்றியது. இத்தகைய சட்டங்கள் செல்லாவென்று 1917இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் பல நகரங்கள், பெரிய மனையில் தனி வீடு மட்டுமே கட்டலாம் என்று விதித்தன. நிறத்தின் பெயர் விதியிலிருந்து மறைந்தது. ஏழை உள்ளே வர முடியாத நிலை மட்டும் தொடர்ந்தது.

இனி நம் தாம்பரத்தைப் பார்ப்போம். 1931இல் கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. நிலையத்தைச் சுற்றி ஊர் வளர்ந்தது. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் காய்கறியும் துணியும் நகையும் அடுத்தடுத்து விற்கின்றன. இரயிலை விட்டு இறங்குபவர் நடந்தே பொருள் வாங்கி வீடு செல்கிறார். வாகனம் இல்லாதவனுக்கு இத்தகைய தெருவே பெருஞ்செல்வம். கடையும் வீடும் கலந்த தெருவில் எந்நேரமும் மனிதர் இருப்பதால் அது பாதுகாப்பாகவும் இருக்கும் என்று ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அம்மையார் 1961இல் ஒரு நூலில் விளக்கினார்.

அதற்காக எல்லாவற்றையும் கலந்துவிடலாம் என்று நாம் கூறவில்லை. பல்லாவரம், பம்மல் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீர் கெட்டதை நாம் அறிவோம். நஞ்சு கக்கும் ஆலையைப் பிரித்து வைத்தல் அறிவுடைமை. உழைக்கும் மக்களைப் பிரித்து வைத்தல் அநீதி.

நகரின் கரையோரக் குடிசைகளில் வாழ்ந்தோரை 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடியேற்றினர். அவர்களில் நம் மக்கள் மிகப் பலர். கான்கிரீட் வீடு கிடைத்தது. ஆனால் வேலை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. இப்படி இடம்பெயர்ந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி நம் வகுப்பில் இருந்தாள். தாய் வீட்டு வேலைக்காக விடியுமுன் பேருந்து ஏறிவிடுவார். தம்பியைக் கவனிக்க அவள் வீட்டில் நின்றாள். வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று நாம் குறித்துக்கொண்டே வந்தோம். பிழை அவளுடையது என்றே முதலில் எண்ணினோம். அவள் வீடு எங்கே, தாயின் வேலை எங்கே என்று கேட்க நமக்கு ஓராண்டு ஆயிற்று.

இளைஞர்களே! தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டது. 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026ஆம் ஆண்டைக் கருதி வகுக்கப்பட்டது. அடுத்தது 2046 வரைக்குமான மூன்றாம் திட்டம். வரைவை வெளியிட்டு மக்களின் ஆட்சேபணைகளையும் கருத்துகளையும் கேட்ட பின்னரே இத்தகைய திட்டத்தை இறுதி செய்ய வேண்டும் என்பது சட்டம். அவ்வாறு கேட்கும்போது நம் தெருவிலிருந்து எத்தனை மனுக்கள் சென்றன?

வேறு சிலவற்றையும் அறிந்துகொள்ளுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாக, பத்தில் ஒரு பங்கு நிலம் திறந்தவெளியாக ஒப்படைக்கப்பட வேண்டும். அது விளையாட்டுத் திடலாக இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். தெரு வணிகர்களை முறைப்படுத்தும் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் பத்துக்கு நான்கு பேராவது தெரு வணிகர்களாக இருத்தல் வேண்டும். பூ விற்கும் நம் தாய்மாருக்கு அங்கே இடம் உண்டு. 2021இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. 2022இல் அதன் முதல் மேயர் பதவி பட்டியல் இனப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. வாயில் திறந்திருக்கிறது, உள்ளே சென்று பேசுவதற்குப் படிப்பு வேண்டும்.

ஆகவே நம் கழகம் ஒரு பணியை மேற்கொள்ளட்டும். மாலை வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு நம் குடியிருப்பின் வரைபடம் ஒன்றைத் தயாரிப்போம். பள்ளி, நியாயவிலைக் கடை, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம் ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிட நடை என்று அதில் எழுதுவோம். எங்கே நடைபாதை இல்லை, எங்கே மழைநீர் தேங்குகிறது என்று குறிப்போம். அந்தத் தாளை மனுவோடு இணைத்துக் கொடுப்போம். நமக்காகப் பிறர் கோடு கிழித்த காலம் போதும். நம் தெருவின் கோட்டை நம் பிள்ளைகள் கிழிக்கட்டும்.