ஆடு தொடா இலை



தமிழகத்து வேலியோரங்களில் ஆளுயரம் வளர்ந்து வெண்ணிறப் பூக்களைக் கொத்தாகப் பூக்கும் செடி ஆடாதோடை. அதன் இலையைக் கொதிக்கவைத்து வடித்த குடிநீரில் தேன் கலந்து சளிக்கும் இருமலுக்கும் கொடுப்பது சித்த மருத்துவ மரபு. இலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டே, இன்று மருந்துக்கடையில் விற்கும் புரோம்எக்சின் என்ற சளிமருந்து உருவாக்கப்பட்டது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். ஆதலால் கருவுற்ற மகளிர் இக்குடிநீரைப் பருகலாகாது.

பெயருக்கு வருவோம், அதுதானே என் தொழில்! ‘ஆடு தொடா இலை’ என்பதே இவ்வாறு திரிந்தது என்பர். ‘தொடா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், மாணவர்கள் அறிவீர்கள். திரிபின் ஒவ்வொரு படியையும் என்னால் நிறுவிக்காட்ட இயலாது. ஆயினும், கண்டதையெல்லாம் மேயும் ஆடு இக்கசப்பிலையை மட்டும் விலக்கிச் செல்வதை உற்றுநோக்கிய இடையர் எவரோ இட்ட பெயர் என்றே எண்ணத் தோன்றுகிறது.

1753இல் லின்னேயஸ் இச்செடிக்கு ‘ஜஸ்டிசியா அடதோடா’ எனப் பெயர் சூட்டியபோது, அந்த நாட்டுப்பெயரையே சேர்த்துக்கொண்டார். அண்மையில் இங்குள்ள பள்ளித் தோட்டம் ஒன்றில் இச்செடியைக் கண்டேன். பலகையில் இலத்தீன் பெயர் மட்டுமே இருந்தது. மாணவி ஒருத்தி அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்ததில் பாதி தமிழ் என்றேன், அவள் நம்பவில்லை.