ஆறு காட்டும் வழி, மலை சொல்லும் பாடம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய நண்பர் ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் போனார். "காரும் நெடுஞ்சாலையும் இருக்கின்ற காலத்தில், நான்கு நாள் வெயிலில் சைக்கிள் மிதிப்பது எதற்காக? அதுவும் லோரி ஓடும் சாலையில் பிள்ளைகளை எந்தத் தைரியத்தில் அனுப்புவது?" என்று கேட்டார். அவருடைய அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2017 பிப்ரவரியில் ஜோகூர் பாருவில், விடியற்காலை இருட்டில் சைக்கிள் ஓட்டிய எட்டுச் சிறுவர்கள் கார் மோதி உயிரிழந்த செய்தியை யாரும் மறந்திருக்க முடியாது. ஆனால் ஆபத்து இருக்கிறது என்பதற்காகச் சைக்கிளைப் பூட்டி வைப்பதா, எப்படி ஓட்டுவது என்று சொல்லிக் கொடுப்பதா? நான் இரண்டாவது கட்சி.

நானும் நண்பர்கள் ஐவரும் பேராக் மாநிலத்தில் சென்று வந்த ஒரு வழியைச் சொல்கிறேன். தைப்பிங்கில் தொடங்கி, கோலகங்சார் வந்து, பேராக் ஆற்றோடு தெற்கே இறங்கி, தெலுக் இந்தானைத் தொட்டு, தாப்பாவில் மலையடிவாரத்துக்குத் திரும்பும் வழி அது. ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நான்கு நாள் போதும்.

தைப்பிங் ஏரிப் பூங்காவைப் பார்க்காதவர் குறைவு. அது ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய பள்ளம் என்பதை எத்தனை பேர் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம்? மலாயாவின் முதல் ரயில் 1885-ல் ஓடியதும் இந்தத் தைப்பிங்கிலிருந்துதான். அங்கிருந்து கோலகங்சார் 35 கிலோமீட்டர் அளவில் இருக்கும். இடையில் புக்கிட் பெராப்பிட் என்ற ஏற்றம் வருகிறது. காரில் போனால் அங்கே ஒரு மேடு இருப்பதே தெரியாது. சைக்கிளில் போனால் முழங்கால் சொல்லும். ஏறி இறங்கினால் பாடாங் ரெங்காஸ். சுண்ணாம்புக் குன்று ஒன்று சாலையோரம் நிமிர்ந்து நிற்கும்.

கோலகங்சாரில் 1877-ல் நடப்பட்டதாகச் சொல்லப்படும் ரப்பர் மரம் ஒன்று இருக்கிறது. அன்று நட்ட கன்றுகள் சிலவே. ஆனால் அந்தப் பயிர்தான் பின்னாளில் நம் தாத்தா பாட்டிகளை ஆயிரமாயிரமாகக் கப்பல் ஏற்றியது. அந்த மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தபோது, எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

அதற்குச் சற்றுத் தொலைவில் காராயில் 1900-ல் கட்டி முடிக்கப்பட்ட விக்டோரியா பாலம் இருக்கிறது. 1941 இறுதியில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அதன் ஒரு பகுதியைத் தகர்த்தது. பாலம் போனால் எதிரி நின்றுவிடுவான் என்று கணக்குப் போட்டார்கள். ஜப்பானியரோ சைக்கிளில் வந்தவர்கள். பாலம் இல்லாத இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். டயர் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்தில் ஓட்டினார்கள். 1941 டிசம்பர் 8-ல் கரையிறங்கிய படை, 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரைப் பிடித்தது. சைக்கிளைச் சாதாரணமாக நினைத்தவர்களுக்குச் சரித்திரம் தந்த பதில் அது.

இனி ஆற்றுச் சமவெளி. பேராக் ஆறு சுமார் 400 கிலோமீட்டர் நீளம். தீபகற்பத்தில் பகாங் ஆற்றுக்கு அடுத்த பெரிய ஆறு. போத்தா என்ற இடத்தில் ஒரு வேடிக்கை பார்த்தோம். கிழக்குக் கரையில் இருப்பது போத்தா கானான், அதாவது வலது. மேற்குக் கரையில் இருப்பது போத்தா கிரி, அதாவது இடது. ஆறு தெற்கே ஓடுகிறது. ஓட்டத்தோடு இறங்கி வருபவனுக்குக் கிழக்கு இடப்பக்கம் அல்லவா? பிறகுதான் புரிந்தது. கடலிலிருந்து படகில் ஆற்றை எதிர்த்து ஏறி வருபவனுக்குத்தான் கிழக்கு வலப்பக்கம். ஊரின் பெயரே அந்தக் காலத்துப் பயணத்தின் திசையைச் சொல்கிறது. மெதுவாகப் போனதால்தான் இது எங்கள் கண்ணில் பட்டது.

சமவெளிதானே, சுலபம் என்று நினைத்தோம். அங்கேதான் பிழை செய்தோம். மலையடிவாரத்தில் மரநிழல் உண்டு, ஓடைத் தண்ணீர் உண்டு, இறக்கத்தில் உடம்பு ஓய்வெடுக்கும். சமவெளியில் மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடும். பாரிட்டைத் தாண்டி நண்பகல் ஒரு மணிக்கும் விடாமல் மிதித்துக்கொண்டிருந்தோம். எங்களில் இளையவன், பத்தொன்பது வயதுப் பையன், திடீரென்று சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தான். "அண்ணே, வீடு வந்திடுச்சா?" என்று கேட்டான். முதலில் கேலி செய்கிறான் என்று சிரித்தோம். அடுத்த நிமிடம் சைக்கிளோடு சாய்ந்தான்.

எதிர்வீட்டிலிருந்து ஒரு மலாய்க்கார மாச்சிக் ஓடி வந்தார். அவனை நிழலில் கிடத்தி, சட்டையைத் தளர்த்தி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, விசிறியை முகத்துக்கு நேராக வைத்தார். அவர் மகன் தன் வேனில் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். "இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வேறு கதையாகியிருக்கும்" என்றார் டாக்டர். பையன் பிழைத்தான். அவன் அம்மாவிடம் தொலைபேசியில் பேசியபோது என் குரல் நடுங்கியதை நான் மறக்கவில்லை. வயதில் மூத்தவன் நான். வெயில் நேரத்தில் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டியவனும் நான்.

ஆகவே நேயர்களே, அனுபவித்துச் சொல்கிறேன். விடிந்ததும் புறப்படுங்கள், பதினொரு மணிக்குள் அன்றைய தூரத்தில் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். நாளொன்றுக்கு 50, 60 கிலோமீட்டருக்கு மேல் ஆசைப்படாதீர்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது குடியுங்கள். உப்பும் கொஞ்சம் சேரட்டும். ஒருவர் உளறினால், தள்ளாடினால், அது களைப்பு அல்ல. உடனே நிழல், தண்ணீர், காற்று, 999. தலைக்கவசம், பளிச்சென்ற சட்டை, பின்விளக்கு மூன்றும் கட்டாயம். விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பழைய சாலையில் ஒற்றை வரிசையில் போங்கள். பிற்பகல் மழை இடியோடு வந்தால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போங்கள்.

மறுநாள் அவனைக் காரில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்கள் தொடர்ந்தோம். 1885-ல் கட்டப்பட்ட தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்துவிட்டுக் கிழக்கே திரும்பினால், தொலைவில் தித்திவங்சா மலைத்தொடர் நீலமாக எழும்பும். தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர், 1,400 மீட்டர் உயரம். "அது அடுத்த முறை" என்றேன். எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பையன் கீழே விழ வேண்டியிருந்தது.

வழியெங்கும் இன்னொன்றையும் பார்த்தோம். செம்பனைக்கு நடுவே தனியாக நிற்கும் சிறு கோயில்கள். சுற்றி இருந்த லயங்கள் இல்லை. மக்கள் பட்டணம் போய்விட்டார்கள். பால்வெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பஜாருக்கும் சைக்கிளிலேயே போய் வந்த மனிதர்கள் வாழ்ந்த இடம் அது. நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும் பிள்ளைக்கு அந்தக் கோயில் தெரியாது. 15 கிலோமீட்டரில் போகிறவன் இறங்கி, விளக்கேற்றும் பெரியவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவான்.

நண்பரின் கேள்விக்கு என் பதில் இதுதான். அச்சப்படுங்கள், ஆனால் அந்த அச்சத்தைத் தடையாக்காமல் தயாரிப்பாக்குங்கள். உங்கள் பிள்ளை சைக்கிள் பயணம் போகவேண்டும் என்று கேட்டால், உடனே "வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். "எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய், எங்கே நிறுத்துவாய், யார் கூட வருகிறார்கள்?" என்று கேளுங்கள். முடிந்தால் முதல் பயணத்தில் நீங்களும் கூடப் போங்கள். விழுந்த அந்தப் பையன் மூன்று மாதம் கழித்து மீண்டும் வந்தான். இம்முறை அவனோடு அவன் அப்பாவும் வந்தார். பதினொரு மணி ஆனதும் முதலில் பிரேக் பிடித்தவர் அவர்தான்.