சேவைக்காலப் பணமும் கழிவு வீதமும்

தோட்டக் கமிட்டித் தலைவர்களே, மாதர் தலைவிகளே,

புடவைக் கடையில் கேட்டு வாங்கும் கழிவு நமக்குத் தெரியும். வங்கிக்காரர் சொல்லும் கழிவு வீதம் வேறு. பிறகு வரப்போகும் காசுக்கு இன்றைக்கு என்ன பெறுமதி என்று பார்க்கும் கணக்கு அது. மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியையும் சில நாடுகளில் இப்படிச் சொல்வார்கள், அதை விடுவோம்.

நாம் பேச வந்தது சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். நாட்சம்பளம் 1,350 ரூபாய், சேவை 30 வருடம் என்றால் 567,000 ரூபாய். வேலையை விட்டு 30 நாளுக்குள் கைக்கு வர வேண்டும்.

அது மூன்று வருடம் கழித்து வருகிறது என்று வையுங்கள். வங்கி நூற்றுக்குப் 10 வட்டி கொடுக்கும் காலமானால், இன்று 426,000 ரூபாயைப் போட்டாலே மூன்று வருடத்தில் அந்த 567,000 ஆகிவிடும். மிச்சம் 141,000 ரூபாய், தாமதித்தவர் பக்கம். காசோலையில் ஒரு சதமும் குறைந்திருக்காது.

"முழுசாத்தானே குடுத்தாங்க டீச்சர்" என்றார் நம் லயத்து அம்மா ஒருவர். காத்திருந்த காலத்தில் தோட்டை அடகு வைத்து அவர் கட்டிய வட்டி வங்கி வட்டியை விட அதிகம். அவருடைய கழிவு வீதம் அதுதான். அதை யாரும் கணக்கெடுக்கவில்லை.

கம்பனிகளின் ஆண்டறிக்கையில், ஓய்வுகால நன்மைகள் பற்றிய குறிப்பில் இந்த வீதம் அச்சாகியிருக்கும். வீதத்தைக் கூட்டினால் நமக்குத் தர வேண்டிய கடன் தாளில் சுருங்கும், குறைத்தால் பெருகும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அப்படி வட்டி ஏறும் காலத்தில் கழிவு வீதமும் ஏறும். ஆனால் ஓய்வு பெறுபவருக்குரிய 14 நாள் 14 நாள்தான். ஆகவே சம்பளப் பேச்சில் சேவைக்காலப் பணச் சுமை இவ்வளவு என்று ஒரு தொகையை நீட்டினால், எந்த வீதத்தில் போட்டீர்கள், போன வருடம் எந்த வீதம் என்று நாம் கேட்போம்.

வேலையை விட்ட திகதியைக் கமிட்டிப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். 31ஆம் நாள் தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு போகட்டும். தாமதத்துக்கு மேலதிகப் பணம் கேட்கவும் அதே சட்டத்தில் இடமுண்டு. படிவம் நிரப்ப ஞாயிறு காலை பள்ளிக்கூடத்தில் இருப்போம்.