ஏழு பேரும் ஒன்றாக இறங்கினோம்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூறு ஆண்டு கண்ட கல்லூரியின் பெருமைகளைச் சொல்ல மூத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். எங்கள் வகுப்பிடம் சங்கம் கேட்டது வேறு. 2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், கொட்டும் மழையில், ஏழு பேர் சேர்ந்து சிவனொளிபாதமலை ஏறப்போன கதையைச் சொல்லச் சொன்னார்கள். ஏழு பேரும் தொலைபேசியில் கூடிக் கதைத்து எழுதியதை இங்கே ஒருவர் வாசிக்கிறோம்.

மலை என்பது எங்களுக்குப் புவியியற் பாடத்தில் வந்த பொருள். குடாநாட்டில் மலை ஏது? மலை என்று பெயர் வைத்திருக்கும் கீரிமலையிலும் கடலோரக் கேணிதான் இருக்கிறது. சிறிய வகுப்புகளில் சுற்றுலா என்றால் அங்கேதான். 1990க்குப் பிறகு அதற்கும் வழியில்லாமற் போனது. யாழ்தேவி நின்றது, பாதை மூடியது. ஹற்றன், நுவரெலியா, பதுளை எல்லாம் எங்கள் ரீச்சர் வெண்கட்டியால் கரும்பலகையில் கீறிய படத்தில் இருந்த ஊர்கள். பரீட்சைக்கு அந்தப் படத்தை நாங்களும் பிழையில்லாமற் கீறுவோம். நேரில் பார்ப்போம் என்று நினைத்ததில்லை.

ஏன் மழைக்காலத்திற் போனீர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பதில் மிகவும் எளியது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை அப்போதுதான். மலையின் யாத்திரைக் காலமோ மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை. மற்ற மாதங்களிற் படிகளில் விளக்கு எரியாது, தேநீர்க்கடை இராது. சமன் தெய்வத்தின் திருவுருவத்தையும் பெல்மதுளைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தெய்வமே இறங்கிவிட்ட காலத்தில் நாங்கள் ஏறப் புறப்பட்டோம்.

கொழும்பிலிருந்து பதுளைப் புகையிரதத்தில் ஏறி, நாவலப்பிட்டியைத் தாண்டியதும் யன்னலை மூடச் சொன்னார்கள். வட்டவளையில் மழை நிற்கவேயில்லை. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஊர் அது. எங்கள் குடாநாட்டுக்குக் கிடைப்பது அதிற் காற்பங்கு அளவுதான். அப்போதுதான் ரீச்சரின் பாடம் விளங்கியது. ஓகஸ்டில் நம்மூரில் அடிக்கும் சோளகம் புழுதியைக் கிளப்பும், பனம்பழத்தை விழுத்தும், மழை தராது. அதே தென்மேற்குக் காற்றுத்தான் இங்கே மலையில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து இப்படிக் கொட்டுகிறது. களனி, களு, வளவை என்ற மூன்று கங்கைகளுக்கும் இந்த மலைப்பக்கத்திலிருந்து நீர் போகிறது. கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் கிடக்கிறது என்று எட்டிப் பார்த்து வளர்ந்தவர்கள், ஆறுகளின் தாய்வீட்டில் நனைந்துகொண்டு நின்றோம்.

ஹற்றனில் இறங்கி, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போய் இரவு தங்கினோம். விடிய ஆறு மணிக்கு அந்த ஊர்ப் பையன் ஒருவனை வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு புறப்பட்டோம். மலையின் உயரம் 2,243 மீற்றர். படிகள் 5,000க்கும் மேல். ஏறத் தொடங்குமுன் இரண்டு விடயங்களைப் பேசி முடித்திருந்தோம். எங்கே நின்றாலும் பதினொரு மணிக்குத் திரும்பும் முடிவை எடுப்பது ஒன்று. மற்றது, வரிசை. பள்ளியிற் காலைப் பிரார்த்தனைக்குக் கட்டையானவர்களை முன்னுக்கு விட்டு நிற்போமே, அதுபோல மலையில் நடை மெதுவானவரை முன்னுக்கு விடுவது. முழங்காலிற் சத்திரசிகிச்சை செய்திருந்த எங்கள் வங்கிக்காரி முன்னுக்கு நடந்தாள். நாள்தோறும் ஓடிப் பழகிய லண்டன்காரி கடைசியில்.

முதலில் வருவது தேயிலைத் தோட்டம். இடுப்பிற் படங்கு கட்டிக்கொண்டு பெண்கள் அந்த மழையிலும் கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் புதுச் சப்பாத்துகளைப் பார்த்து ஓர் அம்மா சிரித்தார். "தாயி, அட்டைக்கு சவுக்காரம் பூசுனீங்களா?" என்று கேட்டு, காலுறைக்கு மேலே எப்படிப் பூசுவது என்று காட்டித் தந்தார். கடித்த அட்டையைப் பிய்த்து இழுக்கக்கூடாது, நகத்தால் மெல்லத் தள்ளவேண்டும் என்றார். விட்ட பிறகும் இரத்தம் கசியும், பயப்படவேண்டாம் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்: "ஆத்துத் தண்ணி நெறம் மாறுனா மேல மழ பலமா இருக்குன்னு அர்த்தம். நின்னு பாத்துட்டு ஏறுங்க." எங்கள் புவியியற் புத்தகத்தில் இந்த வரி இல்லை. எங்களுக்கு ஒருநாள் மலையேற்றம். அவருக்கு அது அன்றாட வேலை. கூடைப் பாரமும் சேர்த்து.

சீதகங்குல ஓடையைக் கடந்தபோது தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. அதன்பின் படிகள் செங்குத்தாகின. வழக்கமாக இந்தப் பாதையில் யாத்திரிகர்கள் எதிரும் புதிரும் 'கருணாவாய்' என்று வாழ்த்திக்கொண்டு போவார்களாம். முதன்முறை வருபவர்களைக் 'கோடு' என்பார்கள். அனுபவப்பட்ட ஒருவர், 'நடே குரா', கூட்டத்தை வழிநடத்துவார். வழிகாட்டிப் பையன் இவற்றைச் சொல்லிக்கொண்டே வந்தான். எங்கள் கூட்டத்தில் ஏழு பேரும் கோடு, அவன்தான் குரா. வயது இருபது இருக்கும்.

உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனை முறை மலை ஏறினோமோ அத்தனை தடவை அடிப்பது வழக்கம். எங்கள் கனடாக்காரி அந்த மணிக்காகத்தான் வந்திருந்தாள். அவளுடைய அம்மாவும் நம் கல்லூரியின் பழைய மாணவி. மலையகத்தில் இளம் ஆசிரியையாக இருந்த காலத்தில் ஏறி, ஒருமுறை மணி அடித்தவர். ரொறன்ரோவிற் காலமாகும்வரை அந்தச் சத்தத்தைப் பற்றிக் கதைத்திருக்கிறார். மகளுக்கு இலங்கையில் இன்னும் நான்கு நாள் மட்டும் இருந்தது.

இந்திகட்டுபானவுக்கு வந்தபோது பத்தே முக்கால். முகில் இறங்கி, முன்னால் நிற்பவரின் முதுகு மட்டும் தெரிந்தது. படிகள் எல்லாம் வாய்க்கால்களாகி, நீர் எங்கள் கணுக்காலை மூடி ஓடியது. அது மெல்ல மெல்லச் செம்மண் நிறமாகியது. பையன் மேலே பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றான்.

எங்களில் நான்கு பேருக்கு ஏறத் தென்பு இருந்தது. வங்கிக்காரி சொன்னாள்: "நீங்கள் நாலு பேரும் போங்கோ. நாங்கள் இதிலை இருக்கிறம்." நியாயமான பேச்சுத்தான். ஆனால் யாரும் அசையவில்லை. எல்லோருக்கும் ஒரே நினைவு வந்தது என்பதைப் பிறகு கதைத்தபோது அறிந்தோம்.

மழையிற் கூட்டமாக நடப்பது எங்களுக்கு அதுதான் முதற்தடவை அல்ல. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, இலட்சக்கணக்கானோரோடு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தோம். அன்றும் மழை. குடையிற் பிடித்த மழைநீரைக் குடித்தோம். பாலத்தடியில், "நீங்கள் போங்கோ, பிறகு வாறம்" என்று சொல்லிப் பிரிந்த தோழிகள் எங்களுக்கு உண்டு. அந்தப் 'பிறகு' சிலருக்கு இருபது ஆண்டுகளின் பின் வந்தது. இருவருக்கு வரவேயில்லை. இந்த ஏழு பேர் ஒருவரையொருவர் தேடிப் பிடிக்கவே எவ்வளவு காலம் சென்றது என்பது இங்கே வந்திருக்கும் பலருக்குத் தெரியும்.

கனடாக்காரிதான் முதலிற் திரும்பினாள். "ஒருத்தரும் இதிலை இருக்கத் தேவையில்லை. வாங்கோடி, இறங்குவம்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வங்கிக்காரி முன்னுக்கு நடக்க, பக்கவாட்டாகக் கால் வைத்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து இறங்கினோம். ஏறுவதை விட இறங்குவதுதான் முழங்காலுக்குச் சோதனை. சீதகங்குலவில் தண்ணீர் தேநீர் நிறத்தில் இரைந்து ஓடியது.

பின்னேரம் மூன்று மணிக்கு நல்லதண்ணியில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது மழை விட்டது. முகில் விலகி, மலை அடியிலிருந்து உச்சிவரை முழுதாகத் தெரிந்தது. பத்து நிமிடம் இருக்கும். கனடாக்காரி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சிரிக்குது பார்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அவள் கண் கலங்கியதையும் பார்த்தோம்.

அதற்கடுத்த மாசியில் எங்களில் இருவர் போய் உச்சியைக் கண்டு, ஆளுக்கு ஒருமுறை மணி அடித்தார்கள். அவள் இன்னும் வரவில்லை. லீவு கிடைக்கவேண்டும், பிள்ளையின் படிப்பு முடியவேண்டும். அவளுக்காக நாங்கள் அடிக்கவில்லை. அது அவள் அடிக்கவேண்டிய மணி.

இந்த மேடையில் இதைச் சொல்லக் காரணம் உண்டு. இப்போது பல வகுப்புகள் ஓகஸ்டில் ஒன்றுகூடி மலைநாட்டுக்குப் போகின்றன. போங்கள், கட்டாயம் போங்கள். அந்த மாதத்தில் மழை குறைந்த மலை வேண்டுமானால் காற்றுக்கு மறுபுறம், பதுளை, பண்டாரவளைப் பக்கம் பாருங்கள். மழைப்பக்கம்தான் போவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அறிவிப்பார்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அந்த ஊர் ஆள் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே முடிவுசெய்யுங்கள். மெதுவானவரை முன்னுக்கு விடுங்கள்.

இன்னுமொன்று. நாங்கள் ஒருநாள் நனைந்துவிட்டு வீடு வந்தோம். சவுக்காரம் பூசக் காட்டித்தந்த அம்மா அந்தச் சரிவில்தான் படுத்து எழும்புகிறார். 2014 ஒக்ரோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். இடம்பெயர்ந்த இரவின் மழையை அறிந்த நாம், மழை இரவில் நித்திரையில்லாமல் இருக்கும் அந்தப் பிள்ளைகளை அறியாதிருக்கலாமா? நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை மலையகத் தோட்டப் பாடசாலை மாணவிகளின் படிப்புக்கு ஒதுக்கவேண்டும் என்று எங்கள் வகுப்பு சங்கத்தைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது. எங்கள் முதற் பங்கை இன்று பொருளாளரிடம் கொடுத்துவிட்டோம்.

மாணவிகளே, உங்கள் வகுப்புத் தோழிகளின் பெயர்களையும் முகவரிகளையும் இன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எங்களுக்கு அது கிடைக்கவில்லை.