விடியுமுன் ஒரு மணி நேரம்

(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

என் தாயார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நாலு மணிக்கே எழுந்து, வரக்கோப்பி குடித்துவிட்டுப் பெரட்டுக்குப் புறப்படுவார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். வானத்தில் எரிநட்சத்திரம் விழுந்தால், "பாக்காதேடா, ஆகாது" என்று என் தலையைத் திருப்பிவிடுவார்.

உண்மையில் எந்த நட்சத்திரமும் விழுவதில்லை. பெரும்பாலும் வால்நட்சத்திரம் தன் பாதையில் உதிர்த்துவிட்டுப் போன மணல் போன்ற துகள், சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் நம் காற்றில் பட்டு எரிகிறது. அவ்வளவுதான். இவை நள்ளிரவுக்குப் பின்தான் அதிகம். ஏன்? ஓடும் பஸ்ஸில் மழை முன்கண்ணாடியில்தானே பலமாக அடிக்கும்? பூமியும் ஓடிக்கொண்டிருக்கிறது. விடியற்காலையில் நாம் அதன் முன்பக்கம் இருக்கிறோம். ஆகவே, வேலைக்குப் போகிறவன் எழும் நேரமே வானம் பார்க்க ஏற்ற நேரம்!

இதைப் புரிந்துகொள்ள நான் ஒரு தவறு செய்ய வேண்டியிருந்தது. ஒரு டிசம்பரில் இரவு முழுக்க விழித்திருந்து எண்ணினேன். மறுநாள் தொழிற்சாலையில் இயந்திரத்தின் பக்கத்திலேயே தூங்கிவிட்டேன். கை போயிருக்கும், எச்சரிக்கைக் கடிதத்தோடு தப்பினேன். வீட்டில் மனைவி சொன்னார்: "வானத்துல எரியறதைப் பாக்கிறீங்க, சரி. வீட்ல அடுப்பு எரியணுமே?"

அன்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். ஒன்பது மணிக்கே படுக்க வேண்டும். நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம்தான் பார்க்க வேண்டும். அதுவும் ஆண்டுக்கு மூன்று தடவை: மே 6, அக்டோபர் 22, டிசம்பர் 14 ஆகிய நாட்களை ஒட்டி. வீட்டுக் காலண்டரைப் பாருங்கள். அமாவாசைக்கு அருகில் வந்தால் யோகம், பௌர்ணமியானால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். டிசம்பரில் மழை கெடுக்கும். கெடுத்தால் திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள்.

செலவு ஒன்றுமில்லை. தொலைநோக்கி வேண்டாம். வாசலிலேயே பாய் விரித்துப் படுங்கள். இருட்டில் காட்டுப் பக்கம் போகாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாகும். அதுவரை கைப்பேசியைத் தொடாதீர்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், மேகம் எவ்வளவு, கண்டது எத்தனை என்று நோட்டுப் புத்தகத்தில் குறியுங்கள். ஒன்றுமே தெரியாவிட்டால் சுழி போடுங்கள். அதுவும் கணக்குத்தான்.

"நம்ம கணக்கை யார் கேட்கப் போறா?" என்பீர்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வில்லியம் டென்னிங் என்றொருவர் இருந்தார். அவர் தொழில் கணக்கெழுதுவது. எரிநட்சத்திரங்கள் எங்கிருந்து பாய்கின்றன என்று அவர் தொகுத்த பட்டியல் 1899இல் வெளியாகி, அறிஞர்களுக்குப் பயன்பட்டது. 1988இல் தோன்றிய அனைத்துலக விண்கல் கழகமும் நம்மைப் போன்றவர்களின் கணக்கைக் கேட்டு வாங்குகிறது.

இப்போது என் மகள் பென்சிலோடு பக்கத்தில் படுத்திருப்பாள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்து, "அதோ ஒண்ணு, எழுதிக்கோ" என்பார். அன்று என் தலையைத் திருப்பிய கைதான் இன்று வானத்தைக் காட்டுகிறது.

மாணவர்களே! மே, அக்டோபர் மாதங்களில் நாம் காண்பது ஹேலி வால்நட்சத்திரம் விட்டுச் சென்ற தூசி. 1986இல் வந்த அது, 2061இல் திரும்பி வரும். நாங்கள் இருப்போமோ என்னவோ, நீங்கள் இருப்பீர்கள். அன்று உங்கள் பிள்ளைகளையும் எழுப்பிக் காட்டுங்கள்.